'தன்னை' எல்லாம் 'ஸெ' ஆகாது

கேள்வியைச் சுருக்கி எடுத்துக்கொள்கிறேன். பிரெஞ்சு தேர்வுக்குத் தயாராகிறீர்கள். "தமிழில் 'தன்னை' என்று வந்தால் 'ஸெ' போடு, 'அவனை' என்று வந்தால் 'லெ' போடு" என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நம்பி நான்கு வாக்கியம் எழுதினீர்கள். நான்கும் சிவப்பு மையோடு திரும்பி வந்துவிட்டன. "விதி தப்பா, நான் தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த நான்கு வாக்கியங்களையும் பார்த்தால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: 'ஸெ' என்ற அந்தக் குட்டிச் சொல் யாரைப் பார்க்கிறது, எந்த வேற்றுமையில் நிற்கிறது?

பாண்டிச்சேரியில் 18 வருடமாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறேன். நான் பிரான்சில் பிறந்து வளர்ந்தவன் அல்ல. என் காது வகுப்பறையில் பழகிய காது. இலக்கணத்தை உறுதியாகச் சொல்வேன். ஒரு பாரீஸ்காரர் கடைத்தெருவில் எப்படிப் பேசுவார் என்பதில் என்னைவிட அங்கே வாழ்பவர்களைக் கேட்பது நல்லது. இன்னொன்று, பிரெஞ்சு சொற்களை ஒலியை ஒட்டித் தமிழிலேயே எழுதுகிறேன். உச்சரிக்காத ஊமை எழுத்துகளை அப்படிக் காட்ட முடியாது. அதனால் பெண்பாலுக்குச் சேரும் ஊமை 'ஈ', பன்மைக்குச் சேரும் ஊமை 'எஸ்' இரண்டும் எங்கே வருகின்றன என்று வாயால் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஆசிரியர் சொன்ன விதி பாதி சரி. அந்தப் பாதி எவ்வளவு அழகானது என்பதை முதலில் பாருங்கள். தமிழில் 'நான் என்னைப் பார்த்தேன்', 'அவர் என்னைப் பார்த்தார்': இரண்டிலும் அதே 'என்னை'தான். 'உன்னை'யும் அப்படியே. படர்க்கைக்கு வரும்போதுதான் சொல் பிரிகிறது: 'அவன் அவனைப் பார்த்தான்' என்றால் வேறொருவனை, 'அவன் தன்னைப் பார்த்தான்' என்றால் அவனையே. பிரெஞ்சிலும் கோடு அதே இடத்தில்தான் விழுகிறது. 'ழெ மெ லாவ்' என்றால் நான் என்னைக் கழுவிக்கொள்கிறேன், அதாவது குளிக்கிறேன். 'இல் மெ லாவ்' என்றால் அவன் என்னைக் குளிப்பாட்டுகிறான். இரண்டிலும் அதே 'மெ'. 'தெ' (உன்னை), 'நூ' (எங்களை), 'வூ' (உங்களை) மூன்றும் இப்படித்தான். படர்க்கையில் மட்டும் 'இல் லெ லாவ்' என்றால் அவன் இன்னொருவனைக் குளிப்பாட்டுகிறான். 'இல் ஸெ லாவ்' என்றால் தானே குளிக்கிறான். இந்த வித்தியாசம் புரிய மற்ற மாணவர்களுக்குச் சில வாரம் ஆகலாம். தமிழ் பேசுகிறவருக்கு ஒரு நிமிடம் போதும், ஏனென்றால் 'தன்' ஏற்கனவே நம் வாயில் இருக்கிறது.

இனி மீதிப் பாதி. உங்கள் முதல் வாக்கியம்: "என் கணவர் என்னிடம் தன்னை எழுப்பச் சொன்னார்." இதற்கு 'மொன் மரி மா தெமான்தே தெ ஸெ ரேவெயே' என்று எழுதியிருக்கிறீர்கள். 'தன்னை' இருக்கிறது, 'ஸெ' போட்டீர்கள். விதியை அப்படியே பின்பற்றியதால்தான் தப்பாகிவிட்டது. இது கவனக்குறைவு இல்லை. நம் மொழி உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்ட இடம். நன்றாகத் தமிழ் தெரிந்தவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்கிறார்கள்.

தமிழில் 'தன்' தூரப் பார்வை கொண்டது. 'தன்னை எழுப்பச் சொன்னார்' என்பதில் எழுப்பப்போவது நீங்கள். ஆனாலும் 'தன்னை' உங்களைப் பார்க்காமல், ஒரு வாசல் தாண்டி வெளியே போய், 'சொன்னார்' என்ற முற்றுவினையின் எழுவாயான கணவரைத் தேடிப் பிடிக்கிறது. பிரெஞ்சு 'ஸெ'வுக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. தான் ஒட்டியிருக்கும் வினையைச் செய்பவர் யாரோ, அவரை மட்டும்தான் பார்க்கும். 'ரேவெயே', அதாவது எழுப்புவது, நீங்கள் செய்யப்போகும் வேலை. எழுப்பப்படுகிறவர் கணவர். செய்பவரும் படுபவரும் வேறு வேறு ஆள் என்றால் அங்கே 'ஸெ'வுக்கு இடமே இல்லை, 'லெ' வர வேண்டும்: 'மொன் மரி மா தெமான்தே தெ லெ ரேவெயே'. அந்த இடத்தில் 'மெ' போட்டால் இலக்கணம் சரி, பொருள் மாறிவிடும்: 'என்னைக் கண்விழிக்கச் சொன்னார்' என்று ஆகும்.

ஆக விதியை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: ஒட்டியிருக்கும் வினையைச் செய்கிறவருக்கே அந்த வினை திரும்பி வந்தால் 'ஸெ', இல்லையென்றால், தமிழில் 'தன்னை' என்று இருந்தாலும், 'லெ' அல்லது 'லா'. இதில் நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது ஒன்று உண்டு. அந்த பிரெஞ்சு வாக்கியத்தைத் தனியாகப் படிப்பவருக்கு 'லெ' என்பது கணவரா, பக்கத்து அறையில் தூங்கும் மகனா என்று தெரியாது. தமிழில் 'தன்னை', 'அவனை' என்று சொன்ன மாத்திரத்தில் தெளிவாகிவிடும். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வாக்கியம்தான் பெரியது. "அவள் கை கழுவிக்கொண்டாள்" என்பதற்கு 'எல் ஸே லவே லே மேன்' என்று எழுதி ('ஸே' என்பது 'ஸெ'வும் துணைவினை 'ஏ'யும் ஒட்டியது), 'லவே'யின் கடைசியில் பெண்பாலுக்காக ஒரு ஊமை 'ஈ' கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் அதை அடித்துவிட்டார். "அவள் குளித்தாள் என்பதற்கு, அதே 'எல் ஸே லவே', அந்த 'ஈ' வேண்டும் என்கிறார்கள், கை என்று வந்ததும் வேண்டாம் என்கிறார்கள். கழுவியவள் அதே அவள்தானே?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கோபம்.

தமிழில் 'என்னை' வேறு, 'எனக்கு' வேறு. பிரெஞ்சு 'மெ' இரண்டையும் ஒரே சட்டைக்குள் போட்டு மறைத்துவிடும். 'ஸெ'வும் அதே மாதிரி: 'தன்னை'யும் அதுதான், 'தனக்கு'ம் அதுதான். வேறொருவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் வேற்றுமை வெளியே தெரியும்: 'லெ', 'லா', 'லே' என்றால் அவனை, அவளை, அவர்களை, 'லுயி', 'லெர்' என்றால் அவனுக்கு அல்லது அவளுக்கு, அவர்களுக்கு. அதனால் 'ஸெ' எந்த வேற்றுமையில் நிற்கிறது என்று தெரியவேண்டுமானால் ஆளை மாற்றிப் பார்க்க வேண்டும். அவள் தன்னைக் கழுவிக்கொள்வதற்குப் பதிலாக ஒரு குழந்தையைக் கழுவுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் குழந்தையைக் குளிப்பாட்டினாள் என்றால் 'எல் லா லவே'. அங்கே வந்தது 'லா', அதாவது 'அவளை'. குழந்தையின் கையைக் கழுவிவிட்டாள் என்றால் 'எல் லுயி ஆ லவே லே மேன்'. அங்கே வந்தது 'லுயி', 'அவளுக்கு'. ஆக 'குளித்தாள்' என்பதில் 'ஸெ' என்பது 'தன்னை', இரண்டாவதான 'கை கழுவிக்கொண்டாள்' என்பதில் 'தனக்கு'. கழுவப்பட்ட பொருள் இரண்டாவதில் அவள் இல்லை; கைகள்.

இப்போது அந்த ஊமை எழுத்தின் கணக்கு எளிது. 'ஸெ' வரும் வினைகளுக்கு இறந்தகாலத்தில் துணைவினை எப்போதும் 'எத்ர்' (மேலே பார்த்த 'ஏ' அதன் ஒரு வடிவம்). ஆனால் ஊமை எழுத்து போடுவதா வேண்டாமா என்பதில் 'அவுவார்' என்ற இன்னொரு துணைவினைக்கான விதிதான் செல்லும்: செயப்படுபொருள், அதாவது 'ஐ' வேற்றுமையில் இருப்பது, வினைக்கு முன்னால் வந்துவிட்டால் அதன் பாலும் எண்ணும் எச்சத்தில், அதாவது 'லவே' போன்ற சொல்லில், ஒட்டும், பின்னால் வந்தால் ஒட்டாது. 'எல் ஸே லவே' என்று நின்றுவிட்டால் செயப்படுபொருள் 'ஸெ', முன்னால் இருக்கிறது, பெண்பால். ஒரு 'ஈ' போடு. 'லே மேன்' என்று தொடர்ந்தால் செயப்படுபொருள் கைகள், பின்னால் இருக்கிறது, ஒன்றும் போடாதே. சரி, அந்தக் கைகளையே சுட்டுப்பெயராக்கி முன்னால் கொண்டுவந்தால்? 'எல் ஸெ லேஸ் ஏ லவே', அவற்றை அவள் கழுவிக்கொண்டாள். இப்போது செயப்படுபொருள் 'லே', முன்னால் வந்துவிட்டது, 'மேன்' பெண்பால் பன்மை. 'ஈ'யும் 'எஸ்'ஸும் இரண்டும் போட வேண்டும். மூன்று வாக்கியம், மூன்று எழுத்துக்கூட்டு. மூன்றிலும் காதில் விழுவது ஒரே 'லவே'.

வினைக்கு முன் வந்த செயப்படுபொருளோடு இயையும் இந்த வழக்கத்தைப் பிரெஞ்சில் 16ஆம் நூற்றாண்டில் விதியாகச் சொன்னவர் கவிஞர் கிளெமான் மரோ. இத்தாலிய மொழியை முன்மாதிரியாகக் காட்டினார். கவிஞர் ஒருவர் போட்ட கணக்கை இன்றும் பள்ளிப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2018இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த முன்னாள் பிரெஞ்சு ஆசிரியர்கள் இருவர், 'அவுவார்' துணையோடு வரும்போது இந்த இயைபையே விட்டுவிடலாம் என்று பாரீஸ் நாளிதழ் ஒன்றில் எழுதினார்கள். பெரிய சர்ச்சை ஆனது. உங்கள் தேர்வுத்தாள் திருத்துகிறவர் அந்தக் கட்சியில் இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள்.

கையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. என் மாணவர்களில் பலர் ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சுக்கு வருகிறார்கள், அதனால் 'அவளுடைய கைகள்' என்று 'ஸே மேன்' எழுதிவிடுகிறார்கள். தமிழ் வழியாக வந்திருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. 'கை கழுவிக்கொண்டாள்' என்கிறோம்; 'அவளுடைய' எங்கே இருக்கிறது? யார் கை என்பதை 'கொள்' என்ற துணைவினை சொல்லிவிடுகிறது. பிரெஞ்சில் அந்த வேலையை 'ஸெ' செய்கிறது. 'இல் ஸே கஸே லா ழான்ப்' என்றால் அவன் காலை உடைத்துக்கொண்டான். 'இல் லுயி ஆ கஸே லா ழான்ப்' என்றால் இன்னொருவன் காலை உடைத்துவிட்டான், போலீஸ் வரும். 'கொண்டான்' என்பதற்கு 'ஸெ', 'விட்டான்' என்பதற்கு 'லுயி' என்று நினைவில் வைத்த ஒரு மாணவி இதில் தப்பே செய்ததில்லை. எல்லா வினைக்கும் பொருந்துகிற சூத்திரம் இல்லை, உடல் உறுப்புகள் வரும் வாக்கியங்களுக்கு நன்றாகப் பொருந்தும். இன்னொரு சின்ன ஒற்றுமை: ஒரு விஷயத்தில் இனி எனக்குச் சம்பந்தமில்லை என்று 'கைகழுவி' விடுவதைப் பிரெஞ்சுக்காரர்களும் 'ழெ மான் லாவ் லே மேன்' என்று கைகழுவித்தான் சொல்கிறார்கள்.

ஆளை மாற்றிப் பார்க்கும் இந்தச் சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 'அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்': வேறொருவரைப் பார்த்தால் 'லெ', ஆகவே 'இல் ஸெ ஸோன் வ்யூ' என்பதில் ஊமை 'எஸ்' உண்டு. 'அவர்கள் பேசிக்கொண்டார்கள்': பிரெஞ்சில் ஒருவருக்குப் பேசுவார்கள், 'லுயி', ஆகவே 'இல் ஸெ ஸோன் பர்லே' என்பதில் ஒன்றும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தில் பிரெஞ்சுக்காரர்களே நிறையத் தடுக்கி விழுகிறார்கள். 'தெமான்தே' அதே வகை: 'எல் ஸே தெமான்தே', தனக்குள் கேட்டுக்கொண்டாள், கூடுதல் 'ஈ' கிடையாது. 'ஸெ ரான்த்ர் கோன்த்', உணர்ந்துகொள்வது, அதுவும் அப்படித்தான். செயப்படுபொருள் 'கோன்த்' என்ற சொல், அது பின்னால் நிற்கிறது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'லெ'யா 'லுயி'யா என்பதைத் தமிழ் உருபை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் பொருந்தும், ஒரு கைப்பிடி வினைகளில் காலை வாரிவிடும். நாம் ஒருவருக்கு உதவுகிறோம், ஒருவருக்கு நன்றி சொல்கிறோம், ஒருவருக்காகக் காத்திருக்கிறோம். பிரெஞ்சில் 'ஏதே', 'ரெமெர்ஸியே', 'அதான்த்ர்' மூன்றுமே நேராக 'லெ' கேட்பவை. அதனால் 'அவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டார்கள்' என்பதில் 'இல் ஸெ ஸோன் ஏதே', கடைசியில் 'எஸ்' உண்டு. தலைகீழாகவும் நடக்கும். அவரைக் கேட்டேன் என்கிறோம், அப்பாவைப் போல இருக்கிறான் என்கிறோம், அவளைப் பார்த்துச் சிரித்தேன் என்கிறோம். 'தெமான்தே', 'ரெஸான்ப்லே', 'ஸூரீர்' மூன்றுக்கும் பிரெஞ்சில் 'லுயி'. இந்த ஆறையும் ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைக்கச் சொல்வேன். புதிய வினை ஒன்றைப் படிக்கும்போதே அகராதியில் அதன் பின்னால் முன்னிடைச்சொல் 'ஆ' இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பிறகு அழ வேண்டாம்.

சோதனையே செல்லாத வினைகளும் உண்டு. 'ஸெ ஸூவ்னீர்' நினைவுகூர்தல், 'ஸேவனுயீர்' மயங்கி விழுதல், 'ஸான்ஃபுயீர்' தப்பி ஓடுதல், 'ஸெ மொக்கே' கேலி செய்தல். இவை 'ஸெ' இல்லாமல் வெளியே வருவதே இல்லை. வேறொருவரை 'மயங்கி விழ' முடியாதே. இவற்றில் யோசிக்கவே வேண்டாம், எழுவாயோடு இயைத்துவிடுங்கள்: அவள் மயங்கி விழுந்தால் 'ஈ' உண்டு.

மூன்றாவது வாக்கியத்துக்கு அதிக நேரம் வேண்டாம். "நான் படுக்கப் போகிறேன்" என்பதற்கு 'ழெ வே ஸெ கூஷே' என்று எழுதினீர்கள். அகராதியில் 'ஸெ கூஷே' என்று இருப்பதால், அந்த 'ஸெ' வினையின் உடம்பிலேயே ஒரு பகுதி என்று நினைத்துவிட்டீர்கள். அது ஆளுக்கு ஏற்ப மாறும்: 'ழெ வே மெ கூஷே', 'நூஸ் அலோன் நூ கூஷே'. 'இல் ஃபோ ஸெ லவே லே மேன்', கை கழுவ வேண்டும், என்று சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அங்கே செய்பவர் இன்னார் என்று இல்லை, பொதுவாக எல்லோரும். அதனால் 'ஸெ' சரி.

அதே வாக்கியத்தின் ஓரத்தில், "படுப்பதில் 'தன்னை' எங்கே இருக்கிறது? எதற்கு 'ஸெ'?" என்று குறிப்பு எழுதியிருந்தீர்களே, அது வாக்கியத்தைவிடச் சுவாரசியமானது. 'கூஷே' மட்டும் தனியாக வந்தால் படுக்கவைப்பது. 'ஸெ கூஷே' என்றால் படுப்பது. 'ரேவெயே' எழுப்புவது, 'ஸெ ரேவெயே' விழிப்பது. 'அரேத்தே' நிறுத்துவது, 'ஸ'வோடு சேர்ந்து 'ஸரேத்தே' என்றால் நிற்பது: டிரைவர் பஸ்ஸை நிறுத்துகிறார், பஸ் நிற்கிறது. 'ரெதூர்னே' திருப்புவது, 'ஸெ ரெதூர்னே' திரும்புவது: 'ழெ ரெதூர்ன் லா க்ரேப்' என்றால் கல்லில் கிரேப்பை, அதாவது பிரெஞ்சுக்காரர்களின் மெல்லிய தோசையை, திருப்பிப் போடுகிறேன், 'ழெ மெ ரெதூர்ன்' என்றால் யாரோ கூப்பிட நான் திரும்புகிறேன். இப்போது கண்ணில் படுகிறதா? இது நம் தன்வினை பிறவினைதான். நாம் திரும்பு என்பதை அழுத்தித் திருப்பு ஆக்குகிறோம், எழு என்பதோடு ஒன்றைச் சேர்த்து எழுப்பு ஆக்குகிறோம். பிறவினைக்குத்தான் நம்மிடம் கூடுதல் சுமை. பிரெஞ்சில் வெறும் வினை பிறவினை, 'ஸெ' என்ற சுமையை ஏற்றினால் தன்வினை. ஏற்றம் எதிர்ப்பக்கத்திலிருந்து இழுக்கப்படுகிறது, அவ்வளவுதான். இந்த வினைகளை மொழிபெயர்க்கும்போது 'தன்னை'யைத் தேடாதீர்கள், கிடைக்காது. தன்வினையா என்று மட்டும் கேளுங்கள். எல்லாத் தன்வினைக்கும் 'ஸெ' ஏறும் என்றும் எண்ணிவிட வேண்டாம். விலை ஏறுவதற்கு 'ஓக்மான்தே' 'ஸெ' இல்லாமலேயே வரும். 'இல் ஆ ஷான்ழே' என்றால் ஆளே மாறிவிட்டான். 'இல் ஸே ஷான்ழே' என்றால் உடை மாற்றிக்கொண்டான்.

இரண்டு சுட்டுப்பெயரும் ஒன்றாக வந்தால் வரிசை என்ன என்று போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். 'மெ, தெ, ஸெ, நூ, வூ' முதலில், 'லெ, லா, லே' அடுத்து, 'லுயி, லெர்' கடைசியில். முதல் கூட்டமும் கடைசிக் கூட்டமும் ஒரே வினைக்கு முன்னால் சேர்ந்து உட்காராது, அக்காள் தங்கை வீட்டுச் சம்பந்திச் சண்டை மாதிரி. 'அவர் அவளிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்' என்பதில் 'ஸெ லுயி' என்று வைக்க முடியாது.  'இல் ஸெ ப்ரேஸான்த் ஆ எல்' என்று, 'அவளிடம்' என்பதை வினைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும்; ஆண் என்றால் 'ஆ லுயி'.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் உறுதியாக நிற்கும். தரை கொஞ்சம் ஆடும் இடங்களும் உண்டு. 'லேஸே' என்ற வினையை இன்னொரு வினையோடு சேர்த்து 'அவள் தன்னைக் கீழே விழ விட்டாள்' என்று எழுதும்போது, பழைய மரபு 'ஈ' கேட்கும். 1990 டிசம்பரில் பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தம், அது எப்போதும் மாறாமலே இருக்கட்டும் என்றது. இரண்டையும் இன்று புத்தகங்களில் பார்க்கிறேன். தேர்வில் எதை எழுதினாலும், தாள் முழுவதும் ஒரே மாதிரி எழுதுங்கள். அதன் அண்ணன் 'ஃபேர்' விஷயத்தில் மட்டும் சண்டையே இல்லை. கடையில் முடி வெட்டிக்கொண்ட பெண் 'எல் ஸே ஃபே கூப்பே லே ஷெவெ'. அங்கே 'ஃபே' ஒருபோதும் மாறாது.

பேச்சுத் தேர்வைப் பற்றிப் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. 'லவே'க்கு 'ஈ' உண்டா இல்லையா என்று வாயால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. மெய்யெழுத்தில் முடியும் சில எச்சங்களில் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள். அவள் அழத் தொடங்கினாள் என்பது 'எல் ஸே மீஸ் ஆ ப்லெரே'. ஆணாக இருந்தால் 'மி'. இதையே பழக்கதோஷத்தில் 'எல் ஸே பெர்மீஸ்' என்று நீட்டிவிடாதீர்கள். தனக்கு அனுமதித்துக்கொண்டாள், 'லுயி' வகை. 'எல் ஸே பெர்மி' என்று முடிய வேண்டும். பேச்சில் இதைவிட முக்கியம் துணைவினை. 'லெ' என்றால் 'அவுவார்', 'ஸெ' என்றால் 'எத்ர்': 'இல் லா லவே', 'இல் ஸே லவே'. இதைக் குழப்பினால் கேட்பவர் முகம் சுருங்கும்.

கடைசியாக உங்கள் நான்காவது வாக்கியம்: "நேற்று நாங்கள் சந்தித்தோம்", 'ஓன் ஸே வ்யூ இயேர்', கடைசியில் ஊமை 'எஸ்' போட்டு எழுதியது. 'ஓன்' ஒருமை, ஆகவே 'எஸ்' கூடாது என்று அடித்திருக்கிறார்கள். இதில் நான் உங்கள் பக்கம். 'ஓன்' என்பதற்கு வினைமுற்று ஒருமையில்தான் வரும், அதில் மறுப்பில்லை. ஆனால் அது 'நாங்கள்' என்ற பொருளில் வரும்போது எச்சத்தைப் பன்மையில் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் இரண்டும் ஏற்கப்பட்ட வழக்கம். நான் 'எஸ்' போட்டுத்தான் எழுதுவேன், ஒரு ஆள் தனியாகச் சந்தித்துக்கொள்ள முடியாதே. ஆசிரியரிடம் மரியாதையாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு மதிப்பெண் உங்களுக்கு வர வேண்டியது.